தேர்வு வாரத்தில் அக்கா கல்யாணம், அதே டிசம்பரில் பட்டம்

கேள்வி:

வணக்கம் மேடம். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். போன வருஷம் ஆகஸ்டில் சேர்ந்தேன், இப்போது மூன்றாவது செமஸ்டர் தொடங்கியிருக்கிறது. மொத்தம் 30 கிரெடிட், அதில் 18 முடிந்துவிட்டது. மீதி 12-ஐயும் இந்த செமஸ்டரிலேயே எடுத்து டிசம்பரில் முடித்தால் ஒரு செமஸ்டர் செலவு மிச்சம் என்று நண்பர்கள் சொன்னதால் நான்கு பாடத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். இதற்கிடையில் அக்காவுக்கு டிசம்பர் 12 கல்யாணம் என்று நாள் குறித்துவிட்டார்கள். எங்கள் ஃபைனல்ஸ் டிசம்பர் 8 முதல் 12 வரை. பேராசிரியரிடம் கேட்டு ஆன்லைனில் எழுதலாமா? வந்ததே வந்தாய், ஜனவரி கடைசி வரை இருந்துவிட்டுப் போ என்கிறார்கள் வீட்டில். ஓபிடிக்கு, அதாவது படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதிக்கு, ஊரிலிருந்தே விண்ணப்பம் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நண்பன் சொல்கிறான். நான்கு பாடமும் சேர்ந்து இப்போதே மூச்சு முட்டுகிறது, ஒன்றை டிராப் செய்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்:

தம்பி, முதலில் அந்த ஓபிடி விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் மற்றதில் தவறினால் ஏதாவது வழி இருக்கும், இதில் இருக்காது. படிப்பு முடிந்தபின் வரும் ஓபிடிக்கு நீங்கள் அமெரிக்காவுக்குள் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் உட்கார்ந்துகொண்டு போட முடியாது. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் 60 நாள் அவகாசமும் நாட்டுக்குள் இருக்கும் வரைதான் செல்லும், விண்ணப்பிக்காமல் விமானம் ஏறிவிட்டால் அதோடு அந்த அவகாசம் போய்விடும், எஃப்-1 மாணவர் விசாவில் இன்னும் மூன்று வருஷம் மீதி இருந்தாலும் அதைக் காட்டி வேலை தேட உள்ளே வர முடியாது. உங்கள் நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொன்னபடி செய்திருந்தால் ஒரு வருட வேலை அனுமதியும், உங்களுடையது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதால் அதற்குமேல் கிடைக்கக்கூடிய 24 மாத ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கான) நீட்டிப்பும் சேர்ந்து போயிருக்கும்.

சரி, இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருவோம். நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், நான் பார்த்தவரை எல்லாம் ஒரே தேதியில் தொங்குகிறது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் உங்களுக்குத் தந்த ஐ-20 படிவத்தில் படிப்பு முடியும் தேதி என்று ஒன்று இருக்கிறதே, அது. அதை டிசம்பருக்கு இழுத்துவிட்டு, அதே டிசம்பரில் கல்யாணம், நீண்ட விடுமுறை, நான்கு பாடம் என்று எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறீர்கள். அதை மே மாதத்திலேயே விட்டுவிட்டால் பெரும்பாலான முடிச்சு தானாக அவிழும். என் ஆலோசனை அதுதான், டிசம்பரில் முடிக்காதீர்கள். ஏன் என்று விளக்குகிறேன், அப்புறம் முடிவு உங்களுடையது.

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் இப்படிப்பட்ட கேள்விகள் வரும். வருபவர்களில் அநேகம் பேர் பல்கலைக்கழகம் போட்டிருக்கும் அகடமிக் காலண்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டிருப்பார்கள். அதில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை வெற்றிடமாக இருக்கும், அடடா ஒரு மாதம் லீவு என்று தோன்றும். ஆனால் அந்த வெற்றிடத்துக்கு செவிஸில், அதாவது அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில், என்ன பெயர் என்பதுதான் முக்கியம். அது இரண்டு செமஸ்டருக்கு நடுவில் வரும் விடுமுறை என்றால் நீங்கள் தொடரும் மாணவர், போய்விட்டுத் திரும்பி வருவது சாதாரண விஷயம். அதே நாட்கள் படிப்பு முடிந்த பின் வருகிறது என்றால் அது விடுமுறையே இல்லை, 60 நாள் அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும் காலம். அதே விமானம், அதே தேதி, சட்டத்தில் இரண்டும் வேறு வேறு.

டிசம்பரில் முடித்தால் என்ன ஆகும் என்று தேதியோடு பாருங்கள். படிப்பு முடியும் தேதி டிசம்பர் 12 என்று வைத்துக்கொள்வோம். ஓபிடிக்கு அதற்கு 90 நாள் முன்பிருந்து, அதாவது செப்டம்பர் 13 முதல் விண்ணப்பிக்கலாம், கடைசி நாள் பிப்ரவரி 10. வேலை அனுமதி தொடங்கும் தேதியையும் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் பிப்ரவரி 10-ஐத் தாண்டக்கூடாது. அந்தத் தேதியிலிருந்து வேலையில்லா நாட்கள் எண்ணப்படும், மொத்தம் 90-க்கு மேல் போகக்கூடாது. அப்படியானால் பிப்ரவரி தொடங்கி மே முதல் வாரத்துக்குள் வேலை கையில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு டிசம்பர், ஜனவரி முழுவதும் ஊரில் இருப்பதா? இருக்கலாம், முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டுப் போகலாம், சட்டம் தடுக்கவில்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது போனால் ரசீதும் வேலை தேடுவதற்கான ஆதாரமும் வைத்துக்கொண்டு திரும்பலாம். ஆனால் நீங்கள் ஊரில் இருக்கும்போது அனுமதி வந்துவிட்டது, கையில் வேலைக்கான கடிதம் இல்லை என்றால் திரும்பி நுழையும்போது பிரச்சினை வரலாம். அனுமதி அட்டை வேறு உங்கள் அமெரிக்க முகவரிக்குத் தபாலில் வரும், அதை யாராவது வாங்கி வைக்க வேண்டும். அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றுக்கொண்டே போனில் கேஸ் ஸ்டேட்டஸ் பார்க்கும் நிலைமை உங்களுக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இப்போது மே மாதக் கணக்கு. உங்கள் ஐ-20 பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குத்தான் கொடுத்திருப்பார்கள், தேதியைப் பாருங்கள், மே மாதம் என்று இருந்தால் நீட்டிப்பு எதுவும் தேவையில்லை. இந்த செமஸ்டரில் 9 கிரெடிட், அடுத்த செமஸ்டரில் 3. மூன்றே கிரெடிட் எடுத்தால் முழுநேர மாணவர் கணக்கில் வராதே என்று கேட்பீர்கள். கடைசி செமஸ்டருக்கு இதில் விலக்கு உண்டு, பட்டம் வாங்க எத்தனை பாடம் மீதி இருக்கிறதோ அதை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் டிஎஸ்ஓ, அதாவது பல்கலைக்கழகத்தில் உங்கள் விசா பதிவுகளைப் பார்க்கும் அலுவலர், செவிஸில் குறைந்த பாடச்சுமை என்று முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும், செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே அந்தப் படிவத்தை உங்கள் துறை ஆலோசகரின் கையெழுத்தோடு கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, அந்த ஒரே பாடம் ஆன்லைன் பாடமாக இருக்கக்கூடாது, வகுப்பறையில் நேரில் நடக்கும் பாடமாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கடைசி நேரத்தில் ஆன்லைன் பாடம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது என்று வந்து நிற்பவர்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் உண்டு.

செலவைப் பற்றிப் பேசாமல் விட முடியாது, நீங்கள் டிசம்பர் என்று முடிவெடுத்ததே அதனால்தான். நிறையப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கிரெடிட் கணக்கில்தான், அப்படியானால் அந்த 3 கிரெடிட்டுக்கு இப்போது கட்டுவதை ஜனவரியில் கட்டப் போகிறீர்கள், அவ்வளவுதான். கூடுதலாக வருவது அந்த செமஸ்டருக்கான பொதுக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, வாடகை, சாப்பாடு. வாடகையும் சாப்பாடும் டிசம்பரில் முடித்து வேலை தேடிக்கொண்டு அங்கேயே இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். ஆனால் சில பல்கலைக்கழகங்களில் 9 கிரெடிட்டிலிருந்து 12 வரை ஒரே கட்டணம், நான்காவது பாடம் இலவசம் மாதிரி. உங்களுடையது அப்படி என்றால் டிசம்பரில் முடிப்பதில் உண்மையாகவே பணம் மிச்சம், அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். துறையில் அசிஸ்டன்ட்ஷிப் வாங்குகிறீர்கள் என்றால் 3 கிரெடிட்டில் அது தொடருமா என்பதையும் கேளுங்கள், சில இடங்களில் தொடராது. நண்பர்கள் செலவு மிச்சம் என்று சொன்னபோது இந்த இரண்டில் எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

டிராப் செய்வதற்கு வருகிறேன். பட்ட மேற்படிப்பில் முழுநேரம் என்றால் எத்தனை கிரெடிட் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் வகுக்கிறது, பெரும்பாலும் 9. இளநிலைப் படிப்பு என்றால் 12. நீங்கள் 12-இல் இருக்கிறீர்கள், ஒன்றை விட்டால் 9, விசாவுக்கு ஒன்றும் ஆகாது, என்னிடம் அனுமதி கேட்கவும் வேண்டாம். மீதி மூன்றில் ஆன்லைன் பாடம் எத்தனை என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள், ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரக் கணக்கில் சேரும்.

ஆனால் அதே டிராப் பொத்தானை 9-இல் இருக்கும்போது அழுத்தி 6-க்கு இறங்கினால் கதை வேறு. டிஎஸ்ஓ முன்கூட்டி ஒப்புக்கொள்ளாமல் முழுநேரத்துக்குக் கீழே போவது விசா அந்தஸ்து மீறல், அப்புறம் வந்து சொன்னால் பின்தேதியிட்டு அனுமதி தர எங்களுக்கு வழியில்லை. பல்கலைக்கழகத்தின் கணினி உங்களைத் தடுக்காது, அதற்கு விசா பற்றி ஒன்றும் தெரியாது, நள்ளிரவில் பொத்தானை அழுத்தினால் நள்ளிரவிலேயே பாடம் போய்விடும். விதிவிலக்கு இருக்கிறது. உடல்நலக் காரணத்துக்கு மருத்துவர் கடிதத்தோடு ஒரு பட்டப்படிப்பில் மொத்தம் 12 மாதம் வரை பெறலாம். படிப்புச் சிரமத்துக்கு, அதாவது ஆங்கிலத்திலோ இங்கே பாடம் நடத்தும் முறையிலோ பழக்கமில்லாதது, தகுதிக்குப் பொருந்தாத பாடத்தில் சேர்ந்துவிட்டது போன்ற காரணங்களுக்கு, ஒரே ஒருமுறை பெறலாம், அப்போதும் பாதிக்குக் குறையாமல் படிக்க வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது நவம்பரில் இன்னும் மோசமாகும், அதனால் இப்போதே இறங்குங்கள். பாடத்தைச் சேர்க்கவும் விடவும் தரும் ஆட்-டிராப் காலத்துக்குள் விட்டால் பணம் திரும்பும், மதிப்பெண் பட்டியலில் தடமே இருக்காது. அது தாண்டினால் பாதியில் விட்டதைக் காட்டும் டபிள்யூ என்று ஒரு எழுத்து நிற்கும், பணமும் போகும். உங்கள் கடிதம் வந்த தேதியைப் பார்த்தால் அந்தக் கெடு இன்றோ நாளையோ முடியும் போலிருக்கிறது, இல்லை முடிந்தே போயிருக்கலாம். டபிள்யூ வந்தாலும் உலகம் முடிந்துவிடாது, ஒரே ஒரு டபிள்யூவைப் பார்த்து வேலை கொடுக்காத கம்பெனியை நான் பார்த்ததில்லை.

எந்தப் பாடத்தை விடுவது? பிடிக்காததை என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று விஷயத்தை மேஜையில் வைத்துப் பாருங்கள். அந்தப் பாடம் ஜனவரியில் தொடங்கும் வசந்த செமஸ்டரில் மறுபடி நடக்கிறதா, சில கட்டாயப் பாடங்களை இலையுதிர் காலத்தில் மட்டும்தான் நடத்துவார்கள், அதை விட்டால் அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும், ஐ-20 நீட்டிப்பு வரை போய்விடும். நேரில் நடக்கிறதா, அது மேலே சொன்ன காரணம். மூன்றாவது, இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, அதன் ஃபைனல் என்றைக்கு. ரிஜிஸ்ட்ரார் போடும் ஃபைனல் அட்டவணை பெரும்பாலும் வகுப்பு நேரத்தை வைத்துத்தான் இருக்கும், செவ்வாய்-வியாழன் காலை 9:30 வகுப்புக்கு இந்த நாள் இந்த நேரம் என்று. அதனால் செப்டம்பரிலேயே உங்கள் நான்கு தேர்வும் என்றைக்கு என்று தெரிந்துகொள்ள முடியும், நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விருப்பப் பாடம் ஒன்றின் தேர்வு டிசம்பர் 11-இலோ 12-இலோ விழுந்தால், அதையே விடுங்கள், கல்யாணப் பிரச்சினையில் பாதி அங்கேயே தீரும். புராஜெக்டோடு முடியும் பாடங்களுக்குத் தேர்வே இருக்காது, சிலபஸைப் பிரித்துப் பாருங்கள்.

அப்படியும் ஒரு தேர்வு இடித்தால் பேராசிரியரிடம் கேட்கத்தான் வேண்டும். இதற்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை, முழுக்க அவர் கையிலும் துறையின் விதியிலும் இருக்கிறது. ஊரிலிருந்து ஆன்லைனில் எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள், முன்கூட்டியே எழுதுகிறேன் என்று கேளுங்கள். ஆன்லைன் என்றால் மேற்பார்வைக்கு அவர் புதிதாக ஏற்பாடு செய்ய வேண்டும், சம்மதிப்பது கஷ்டம். சம்மதித்தாலும் உங்களுக்குத்தான் தொல்லை. உங்கள் பல்கலைக்கழகம் மத்திய நேரத்தில் இருந்தால் குளிர்காலத்தில் காலை 10 மணித் தேர்வு இந்தியாவில் இரவு 9:30, கல்யாண வீட்டில் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அல்காரிதம் எழுத முடியுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் கடிதம் சின்னதாக இருக்கட்டும். நான் இந்த வகுப்பில் இருக்கிறேன், டிசம்பர் 12 என் சகோதரியின் திருமணம், நம் தேர்வு இந்தத் தேதியில் இருக்கிறது, டிசம்பர் 8-க்கு முன்போ 8, 9 தேதிகளிலோ நான் எழுத ஏதாவது வாய்ப்பு இருக்குமா, இல்லையென்றால் அதற்கேற்ப என் பயணத்தை மாற்றிக்கொள்கிறேன், அவ்வளவு போதும். கடைசி வாக்கியம் அவசியம், டிக்கெட் எடுத்துவிட்டேன் வேறு வழியில்லை என்று நவம்பரில் வரும் கடிதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பேராசிரியர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த வாரமே அனுப்புங்கள், அவர் நேரில் வா என்றால் ஆபீஸ் அவர்ஸில் போய்ப் பேசுங்கள், சம்மதித்தால் அதை மெயிலில் ஒருவரி வாங்கிக்கொள்ளுங்கள். 9-ஆம் தேதி தேர்வு எழுதிவிட்டு அன்று இரவு கிளம்பினால் ஒரு நாள் பயணம், அரை நாள் நேர வித்தியாசம் எல்லாம் போக 11-ஆம் தேதி வீட்டில் இருப்பீர்கள். நெருக்கடிதான், இடையில் மாறும் விமானம் ஒன்று தவறினால் கூட கல்யாணத்துக்கு இருக்க மாட்டீர்கள், அதனால் எல்லா விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும், தனித்தனியாக எடுக்காதீர்கள்.

அவர் முடியாது என்று சொல்லிவிட்டால்? இன்கம்ப்ளீட் கேட்கலாம், அதாவது மற்ற எல்லா வேலையும் முடித்திருந்தால் தேர்வை மட்டும் ஜனவரியில் எழுதி மதிப்பெண்ணை அப்போது போடச் சொல்வது. பல துறைகளில் நோய், விபத்து போன்ற காரணத்துக்கு மட்டும்தான் தருவார்கள், கேட்பதில் தவறில்லை. இதிலும் மே மாதத் திட்டம்தான் கை கொடுக்கும், டிசம்பரில் பட்டம் என்று வைத்துக்கொண்டு ஒரு பாடத்தில் இன்கம்ப்ளீட் வாங்கினால் பட்டமும் நிற்கும், ஓபிடி தேதிகளும் குழம்பும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் என் கருத்தைக் கேட்காமலே சொல்கிறேன், தேர்வை எழுதிவிட்டு 14-ஆம் தேதி போய்ச் சேருங்கள். அக்கா வருத்தப்படுவார், நீங்களும்தான். ஆனால் தேர்வுக்கு வராமல் ஒரு பாடத்தில் எஃப் வாங்கி, சராசரி 3.0-க்குக் கீழே போய், அதைச் சரிசெய்ய இன்னொரு பாடம் என்று இழுத்தால் வீட்டில் யாருக்கும் அது சந்தோஷமாக இருக்காது. இதை அப்பா அம்மாவிடம் டிசம்பரில் சொல்லாமல் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஜனவரி கடைசி வரை இருப்பது முடியாது, இதில் பேரமே இல்லை. வசந்த செமஸ்டர் பொதுவாக ஜனவரி நடுவில் தொடங்கிவிடும், மார்ட்டின் லூதர் கிங் நாளுக்கு, அதாவது ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமைக்கு, முன்போ பின்போ. செமஸ்டர் தொடங்கிய 30 நாளுக்குள் உங்களைச் செவிஸில் நாங்கள் பதிய வேண்டும், அந்த 30 நாளை நீங்கள் தாமதமாக வர அனுமதித்த நாள் என்று நினைத்துவிடாதீர்கள், அது எங்களுக்கான கெடு. முதல் வகுப்புக்கு வராதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும் பேராசிரியர்கள் உண்டு, உங்களுக்கு இருக்கப்போவதே ஒரு பாடம், அதிலிருந்து எடுத்துவிட்டால் பதிவே இல்லாத மாணவர் ஆகிவிடுவீர்கள். வகுப்பு தொடங்குவதற்கு நாலைந்து நாள் முன்பே வந்துவிடுங்கள். டிசம்பர் 11 முதல் ஜனவரி முதல் வாரம் வரை என்றால் கிட்டத்தட்ட நான்கு வாரம் வீட்டில் இருக்கலாம், அது குறைச்சலா?

கிளம்புவதற்கு முன் ஐ-20-இன் இரண்டாம் பக்கத்தில் பயணக் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள், தொடரும் மாணவருக்கு அது ஒரு வருடம் செல்லும். போன ஆகஸ்டில் வாங்கிய ஐ-20-இல் இருப்பது காலாவதியாகியிருக்கும். நவம்பர் நடுவிலேயே எங்களைப் போன்ற அலுவலகத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள், நவம்பர் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், அதற்கப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். விசா, பாஸ்போர்ட் காலாவதித் தேதிகளையும் அப்போதே பாருங்கள். விசா முடிந்திருந்தால் ஊரில் மறுபடி நேர்முகத்துக்குத் தேதி கிடைக்க வேண்டும், நான்கு வார விடுமுறையில் அது நடக்கும் என்று நம்பி டிக்கெட் எடுக்கக்கூடாது. குறைந்த பாடச்சுமைப் படிவத்தையும் கிளம்பும் முன்பே கொடுத்துவிட்டுப் போங்கள், எல்லையில் அதிகாரி ஏன் ஒரே பாடம் என்று கேட்டால் காட்டுவதற்கு அது பதிந்த ஐ-20 கையில் இருக்கும்.

திரும்பி வந்தபின் உங்களுக்கு வேலை குறைவு, அதுதான் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பாடம், மீதி நேரம் வேலை தேட. ஐ-20-இல் முடிவு தேதி மே 8 என்று வைத்துக்கொண்டால் பிப்ரவரி 7 முதல் ஓபிடிக்கு விண்ணப்பிக்கலாம், குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் கைக்கு ஜூலை 7-க்குள் போய்ச் சேர வேண்டும், தொடக்கத் தேதியை மே 9-க்கும் ஜூலை 7-க்கும் நடுவில் வைக்கலாம். பட்டமளிப்பு விழா நாளை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஐ-20-இல் இருக்கும் தேதிதான் கணக்கு. டிஎஸ்ஓ செவிஸில் பரிந்துரை போட்ட 30 நாளுக்குள் விண்ணப்பம் யுஎஸ்சிஐஎஸ்-க்குப் போக வேண்டும் என்று இன்னொரு கெடு இருக்கிறது, புதிய ஐ-20-ஐ வாங்கி மேஜை டிராயரில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வேலை கைக்கு வராத நிலையில் தொடக்கத் தேதியை ஜூலைப் பக்கம் தள்ளி வைப்பது நல்லது, 90 நாள் அப்போதுதான் ஓட ஆரம்பிக்கும். வேலை ஏற்கனவே கிடைத்து ஜூன் முதல் வாரமே வரச் சொல்கிறார்கள் என்றால் அதற்கேற்ப. ஒருமுறை அனுமதி வந்தபின் தேதியை மாற்றுவது கஷ்டம், அதனால் இதை மட்டும் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். நடுவில் ஏப்ரல் 15 வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள், நீங்கள் வளாகத்தில் வேலை பார்த்தாலோ கோடையில் இன்டர்ன்ஷிப் செய்திருந்தாலோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சில. முதல்முறை வருபவர்கள் ஐ-20-இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக உள்ளே வர முடியாது. வளாக வேலை செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான், விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம், எந்தத் தேதியில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதைச் சம்பளப் பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோடை இன்டர்ன்ஷிப்புக்கான அனுமதியான சிபிடி பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுவதும் முடித்த பின்தான், ஐ-20-இல் அது ஏறுவதற்கு முன்னால் ஒரு நாள் கூட வேலை தொடங்கக்கூடாது, ஓரியன்டேஷன் மட்டும்தான் என்று கம்பெனி சொன்னாலும் சரி. அதற்கான ஆள் தேர்வு இந்த ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது, மார்ச்சில் ஸ்பிரிங் பிரேக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஆள் தேர்வு முடிந்திருக்கும். செமஸ்டருக்குப் பதில் வருடத்தை நான்காகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் படிப்பவர்கள், வாஷிங்டன் பல்கலைக்கழகம், ஸ்டான்ஃபோர்டு, யுசிஎல்ஏ போல, இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஜூன் நடு வரை படிப்பு இருக்கும், மே மாதமே வா என்று சொல்லும் இன்டர்ன்ஷிப்புக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் தொடக்கத் தேதியைத் தள்ளிவைக்கக் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கு இது புதிதில்லை.

உங்களுக்கு வருவோம். இன்றைக்குச் செய்ய வேண்டியது, ஆட்-டிராப் கெடு என்றைக்கு என்று பார்ப்பது, அப்புறம் துறை ஆலோசகருக்கும் டிஎஸ்ஓவுக்கும் ஒரே மெயில், இரண்டு பேரையும் அதில் போட்டு: 9 இப்போது, 3 வசந்தத்தில், மே மாதம் முடிக்க விரும்புகிறேன், எந்தப் பாடத்தைத் தள்ளினால் வசந்தத்தில் நேரில் கிடைக்கும் என்று. டிசம்பரில் பட்டத்துக்கான விண்ணப்பத்தை ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதையும் அந்த மெயிலிலேயே சொல்லுங்கள், ஏனென்றால் அதைப் பார்த்து யாராவது உங்கள் ஐ-20 தேதியைச் சுருக்கிவிட வாய்ப்பு உண்டு. அவர்கள் பதில் வந்தபின் பேராசிரியர், அவர் பதில் வந்தபின் டிக்கெட். விதிகள் அவ்வப்போது மாறும், நான் சொன்ன நாள் கணக்குகளை விண்ணப்பிக்கும் வாரத்தில் உங்கள் டிஎஸ்ஓவிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு என் வாழ்த்துகள்.